ஒன்பது மணி மாத்திரை

எங்கள் வீட்டில் கஞ்சா வாடை நின்று இன்றோடு தொண்ணூற்றாறு நாள் ஆகிறது. திரைச்சீலைகளை இரண்டு முறை துவைத்துவிட்டேன். சோபா உறையில் மட்டும் லேசாக இருக்கிறது. அது போக நாளாகும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, டாக்டர். தம்பி மாத்திரையை ஒழுங்காகப் போட்டானா, இல்லையா. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவன் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை உள்ளே கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. வரிசையாகச் சொன்னால்தான் வரும். மடியில் இருக்கும் இந்த பிஸ்கட் டப்பாவைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன்.

வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவாளா, தன் அக்கா வீட்டிலேயே இருந்துவிடுவாளா என்பது என் பதிலில் இருக்கிறது. அவளே உங்களிடம் சொன்னாள். "போட்டேன்னு சொன்னாரே, அது பொய்யா நிஜமா, அது மட்டும் தெரியணும். மத்ததை நான் பாத்துக்கறேன்." மற்றது என்ன என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதற்கும் வருகிறேன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட ஆறு வயது சின்னவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அம்மா மட்டும் சலூன் பிளேடுதான் காரணம் என்று தானாக முடிவுகட்டி, தெருமுனை சலூன்காரரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த மனிதர் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் இன்றுவரை அம்மாவைப் பார்த்தால் கும்பிடுகிறார். அக்கம்பக்கத்தில் சர்க்கரை வியாதி என்று சொல்லிவைத்தாள். அதனால் பக்கத்து வீடுகளில் ஐந்து வருடமாக அவனுக்கு மட்டும் சர்க்கரை போடாத காபி. அவன் அதைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு கரண்டி சர்க்கரையை அப்படியே வாயில் போட்டுக்கொள்வான்.

அவனை உங்களிடம் கூட்டி வந்தவள் நான். ஒன்பது மணிக்கு அலாரம் வைத்தவள் நான். நீங்கள் எழுதிக்கொடுத்த மாத்திரை எங்கள் தொழிற்சாலையில் தயாராவது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு பெருமை இருந்தது. அங்கே தரப் பரிசோதனையில் இருக்கிறேன். அச்சு மெஷினில் மருந்தைக் கொட்டுவதற்கு முன்னால் வெறும் மாவை ஓட்டிப் பார்ப்போம். எடை சரியாக விழுகிறதா, எழுத்து தெளிவாகப் பதிகிறதா, மேல்பூச்சு ஒரே சீராக ஏறுகிறதா என்று பார்க்க. வெள்ளோட்டம் என்று பெயர். அதில் வருவதை எங்கள் ஆட்கள் சும்மா மாத்திரை என்பார்கள். பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. "மாமியாருக்குத் தலைவலின்னா இதுல ரெண்டு போதும், உடனே கேக்கும்," என்பார் மெஷின் ஓட்டுகிறவர். அதெல்லாம் பேச்சுக்குத்தான். ஒன்றுகூட வெளியே போகக் கூடாது, தண்ணீரில் கரைத்துக் கொட்டிவிட வேண்டும். கரைப்பதை நின்று பார்ப்பது என் பொறுப்பு. இத்தனை வருடத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது.

முதல் வருடம் மாத்திரை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தட்டைப் பார்த்தாலே குமட்டும், எழுந்துபோவான். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்தான். அந்தச் சமயத்தில்தான் உங்கள் கிளினிக் பெஞ்சில் ஜட்ஜ் பழக்கமானார். அவர் நீதிபதி இல்லை. நீதிமன்றத்தில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். எதற்கும் தீர்ப்புச் சொல்வதால் பெஞ்சில் வைத்த பெயர் அது. அவருக்கும் இதே நோய், தம்பிக்கு முன்னாலிருந்தே. தம்பியின் பெல்ட்டை உற்றுப் பார்த்துவிட்டு அவன் சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தைச் செருகினார். மொட்டைமாடியில் தக்காளிச் செடிகளுக்கு நடுவில் அவரே வளர்ப்பது.

மூன்றே வாரத்தில் தம்பி இரண்டாம் முறை சாப்பாடு கேட்டான்.

அம்மா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். எச்.ஐ.வி. தலைவிதி, கஞ்சா கெட்ட பழக்கம் என்பது அவள் கணக்கு. மகன் தட்டை வழித்துச் சாப்பிட்டதும் கணக்கு மாறியது. பொட்டலத்தைச் சமையலறை அலமாரியில் அவளே பத்திரப்படுத்தினாள். வாடை வெளியே தெரியாமலிருக்க பட்டப்பகலில் கொசுவர்த்தி கொளுத்தினாள். எதிர்வீட்டு அம்மா, "உங்க வீட்டுக் கொசு மட்டும் பகல் ஷிஃப்டா?" என்று கேட்டாள்.

உங்கள் பெஞ்சில் இதைப் பற்றி ஆளுக்கொரு கொள்கை இருந்தது, டாக்டர். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த உங்களுக்குத் தெரியாது. கால் எரிச்சலுக்காக இழுக்கிறவர், தூக்கத்துக்காக இழுக்கிறவரை மதிக்க மாட்டார். தூக்கத்துக்காக இழுக்கிறவர், ஜாலிக்காக இழுக்கிறவரோடு பேசவே மாட்டார். ஜட்ஜ் இழுப்பதே இல்லை. மாவில் பிசைந்து பிஸ்கட் சுட்டுத் தின்பார். ஆகவே தனக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பது அவர் தீர்ப்பு. பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி, தன் நோயைப் புருஷனிடம் சொல்லிவிட்டாள், கஞ்சாவைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "அதையும் சொன்னா அவரு தாங்க மாட்டாரு," என்றாள்.

ஒருமுறை கல்லூரி மாணவி ஒருத்தி ஆராய்ச்சிக்கென்று கேள்வித்தாளோடு வந்தாள். கஞ்சாவை எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள்: வலி, பசி, தூக்கம், மனக்கவலை, பொழுதுபோக்கு. தம்பி ஐந்துக்கும் டிக் அடித்துவிட்டு, 'வேறு காரணம்' என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதினான். பெஞ்சே சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன்.

நீங்கள் அவனைத் திட்டுவீர்கள் என்று நம்பித்தான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் திட்டவில்லை. "நல்லதுன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா மாத்திரையைத் தவறாம போடறாரா, எனக்கு அதான் முக்கியம்," என்றீர்கள். அவன் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை, கருவிக்கே தெரியாத அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. கஞ்சா அதை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை என்றீர்கள். அன்று நீங்கள் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் அந்த இலைக்குத்தான் நன்றி சொன்னார்கள். அம்மா ஜட்ஜுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். ஒன்பது மணி மாத்திரை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. இந்த டப்பாவில் இருந்ததை பிஸ்கட் என்று நினைத்து மூன்று தின்றுவிட்டேன். பிஸ்கட்தான், ஜட்ஜ் சுட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா போன் செய்து தன் மாமனார் இறந்துவிட்டார் என்றார். நான் சிரித்தேன். எப்படி இறந்தார் என்று கேட்டுவிட்டு அதற்கும் சிரித்தேன். அவர் போனை வைத்த பிறகு ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். தம்பி தரையில் விழுந்து புரண்டான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பொண்ணு வாய்விட்டுச் சிரிச்சு இன்னிக்குத்தான்டா பாக்கறேன்," என்றாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொன்னார்கள். சித்தப்பா மட்டும் இன்னும் வரவில்லை. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. டப்பாவைக் கழுவி என் அலமாரிக்கு எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

தம்பி மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு நாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். பயப்படாமலிருக்க தம்பி மேலேயிருந்து பழுது பார்த்தபடியே பேச்சுக் கொடுத்திருக்கிறான். கதவு திறந்தபோது அவனுடைய நோய், மாத்திரை, கஞ்சா, அக்கா எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படியும் கல்யாணம் செய்துகொண்டாள். கஞ்சாவைப் பற்றி அவளுக்குக் கொள்கையே இல்லை. "ஜன்னல் பக்கம் போய் ஊதுங்க," என்பாள். அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் ஒரு சாயங்காலம் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "அண்ணி, டாக்டர் சரின்னுட்டாங்க. அவரோட நம்பர் இப்படியே கீழ இருக்கற வரைக்கும் எனக்கு வராதாம். குழந்தை பெத்துக்கலாமாம். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்." சந்தோஷம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இனிமேல் மாத்திரையைத் தானே பார்த்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம், எனக்குப் பழகிவிட்டது என்றேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, அப்பாவாகப் போகிறவன் இனிமேலாவது அந்தக் கர்மத்தை விடக் கூடாதா என்றேன். அவன் சிரித்தான். "அக்கா, நீ மாத்திரை எடுத்துக் குடுக்கற, ஜட்ஜ் செடி வளக்கறாரு. ரெண்டு பேரும் சேந்துதான் இந்த லிஃப்டை ஓட்டறீங்க. ஒருத்தரை மட்டும் வேலையை விட்டுத் தூக்குன்னா எப்படி?" ஒரு நாள் அந்த எண் ஏறத்தான் போகிறது என்றேன். "ஏறட்டும். ஏறின அன்னிக்கே விட்டுடறேன். உன் மேல சத்தியம்."

என் மேல் சத்தியம் செய்தான், டாக்டர். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறவன் இல்லை. எண்ணுக்குக் கட்டுப்படுவான். மெக்கானிக் இல்லையா, மீட்டர் சொன்னால் கேட்பான். எனக்கு ஒரே ஒரு எண்தான் வேண்டியிருந்தது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும் என்று கல்லூரி ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். நான் அப்படித்தான் செய்தேன். கஞ்சாவைத் தொடவில்லை. சாப்பாட்டை மாற்றவில்லை. ஒன்பது மணியை மாற்றவில்லை. ஒன்றை மட்டும்தான் மாற்றினேன்.

இந்த மாத்திரை போடுகிறவர்களுக்குக் கனவு கண்டபடி வரும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவனுக்கும் வரும். காலையில் காபி குடிக்கும்போது கனவைச் சொல்லுவது எங்கள் வீட்டு வழக்கம். லிஃப்ட் நிறைய ஆடுகள், ஒவ்வொன்றும் வேறு வேறு மாடி கேட்டது. அம்மாவும் சலூன்காரரும் ஒரே சைக்கிளில் போனார்கள். இப்படி. நான் மாற்றிவைத்த இரண்டு மாதம் காபி நேரம் அமைதியாக இருந்தது. "என்னன்னு தெரியலக்கா, இப்பல்லாம் கனவே வரதில்ல," என்றான். கஞ்சா மூளையை மழுக்கியிருக்கும் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்னதை யோசித்தான்.

அவன் மனைவியை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். இரண்டு மாதம்தானே என்று யோசித்தேன். ராத்திரி அவர்கள் அறையில் விளக்கு அணையும்போது நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பேன். ஒன்றிரண்டு முறை அவளைக் கூப்பிடலாமா என்று தோன்றியது. கூப்பிட்டு என்ன சொல்வது. அந்த மாதிரி விஷயமெல்லாம் எனக்குப் பேச வராது. கூச்சம்.

பரிசோதனையில் எண் அறுபத்திரண்டாயிரம் என்று வந்தது. நீங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். தம்பி ஒருமுறைதான் பார்த்தான். வீட்டுக்கு வந்து சமையலறைப் பொட்டலத்தை எடுத்துக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். ஜட்ஜ் நேரில் வந்து, "அவசரப்படாதடா, மேல்முறையீடு பண்ணு, இன்னொரு தடவை ரத்தம் குடு," என்று கெஞ்சினார். அவன் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன், அதில் எங்கள் அப்பா மாதிரி.

சேதி பெஞ்சுக்குப் போனது. ஜட்ஜே பயந்துபோய் கஞ்சாச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார். தக்காளி மட்டும்தான் இப்போது. கால் எரிச்சல்காரர் இழுப்பதை விட்டுவிட்டு ஊன்றுகோல் வாங்கியிருக்கிறார். பூக்கடை அக்கா தூக்கம் வராமல் விடியவிடிய பூக் கட்டுகிறாளாம், வியாபாரம் நன்றாக நடக்கிறது. ஒரே எண்ணில் இத்தனை பேர் திருந்தினார்கள். இத்தனை வருடம் பிரசங்கம் செய்திருந்தாலும் நடந்திருக்காது.

அவன் கொட்டிய அன்று ராத்திரியே நான் மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டேன். வார்த்தை தவறவில்லை, நானும். ஒரு வாரத்தில் ஆடுகள் திரும்பி வந்தன. இந்த முறை அவற்றுக்கு யூனிஃபார்ம் இருந்தது. மூன்று மாதம் கழித்து எண் மறுபடி கீழே போனது. கஞ்சாவை விட்டதால்தான் என்று வீடே சொன்னது.

இதற்கு நடுவில் தம்பி மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. கர்ப்பத்துக்கு எடுக்கிற முதல் ரத்தப் பரிசோதனையில் அவளுக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று வந்தது.

அது நான் எதிர்பார்த்த முடிவு இல்லை.

தம்பி அவள் காலடியில் உட்கார்ந்து, எல்லாம் என் கஞ்சாவால் வந்தது என்று அழுதான். நீங்கள்தான் அதை மறுத்தீர்கள். மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருந்தும் வைரஸ் ஏறியிருந்தால், அது மாத்திரையை எதிர்க்கப் பழகியிருக்கும். இவன் ரத்தத்தில் இருந்தது பழகவே இல்லை. "கஞ்சாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அந்த ரெண்டு மாசம் மாத்திரை உள்ள போகல, அவ்வளவுதான்," என்றீர்கள். உங்கள் கணக்கு சரி, டாக்டர். நல்ல வேலை அது.

ஒரு நாள் விடாமல் போட்டேன் என்றான் அவன். யாரும் நம்பவில்லை. கஞ்சா குடிக்கிறவன் பேச்சை யார் நம்புவார்கள். போதையில் மறந்திருப்பான் என்றாள் அம்மா, கொசுவர்த்தி கொளுத்திய அதே அம்மா. நோய் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பொய்யை எப்படிப் பொறுப்பது என்று சொல்லிவிட்டு அவன் மனைவி பெட்டியோடு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அன்று ராத்திரி அவன் என்னிடம் வந்தான்.

"அக்கா, நீ எதிர்லதான உக்காந்திருந்த. நான் போட்டேன்ல?"

"ஞாபகம் இல்லடா," என்றேன்.

தலையை ஆட்டினான். "அப்ப போட்டிருக்க மாட்டேன்," என்றான். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இதோடு விட்டிருக்கலாம். நேற்று அவள் மீதித் துணிகளை எடுக்க வந்தாள். ஒன்பது மணி. அவன் மாத்திரையை அவள் முன்னால் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினான். பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டினான். பிறகு இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினான், ஒளித்துவைக்கவில்லை என்று. அவள் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது அளவு மீறியதாகப் பட்டது. எங்கள் வீட்டில் பொய் சொல்கிற வழக்கம் இல்லை. அவனை அப்படி யாரும் நினைக்கக் கூடாது.

அதனால்தான் டப்பாவை எடுத்து வந்தேன். திறந்து பாருங்கள். இரண்டு பாட்டில், அறுபது மாத்திரை, நீங்கள் அவனுக்குக் கொடுத்தவை. ஈரம் படாமல் வைத்திருக்கிறேன், ஒன்றுகூட வீணாகவில்லை. அவளுக்கும் இதையேதான் எழுதுவீர்கள் என்றால் இதிலிருந்தே தொடங்கலாம்.

கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அவர்களுக்கும் கேட்கட்டும், நான் இரண்டாவது முறை சொல்ல மாட்டேன்.

போட்டான், டாக்டர். ஒரு நாள் விடவில்லை. ஒன்பது மணிக்கு என் கையிலிருந்து வாங்கி என் கண் முன்னால் விழுங்கினான். கஞ்சாவைத் தவிர அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது. நான் கொடுத்ததில்தான் மருந்து இல்லை.